முதலாளி குடித்த நண்டு

எங்கள் ஊரில் ஒருவன் சாயங்காலம் முழுக்கச் சீட்டாடலாம். ரத வீதி மூலையில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் எடை போடலாம். அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று டீக்கடை பெஞ்சில் சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். இதனால் உனக்கு என்ன பிரயோஜனம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஒருவன் தன் வீட்டில், தன் மேஜையில் உட்கார்ந்து, கல்லுக்குள் இருக்கிற ஒரு நண்டைச் சுத்தம் செய்தால் ஊரே அவன் புத்தியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிடும்.

எழுபதுகளில் நான் சங்கரன்கோவிலில் வீட்டு முன்னறையைக் கடையாக்கிப் பல் செட் கட்டிக்கொண்டிருந்தேன். பட்டம் படித்த டாக்டர் இல்லை. மதுரையில் ஒருவரிடம் தொழில் கற்றுக்கொண்டு வந்தவன். ஊர் தானாகவே என்னைப் 'பல் டாக்டர்' ஆக்கியது. பிறகு தானாகவே 'நண்டு டாக்டர்' ஆக்கியது. முதல் பட்டத்துக்கு நான் கொஞ்சம் கூச்சப்பட்டதுண்டு. இரண்டாவதை வைத்தவர்களைப் பார்த்து எனக்குக் கூச்சம் வரவில்லை. அவர்கள் வாய்க்குள் இருந்ததையெல்லாம் பார்த்தவன் நான். வெளியே வெள்ளை வேட்டி, உள்ளே வெற்றிலைக் காவி ஏறி ஆடுகிற நாலு பல். என்னிடம் வாயைத் திறந்துவிட்டு வெளியே போய் என்னைப் பற்றியே வாயைத் திறந்தார்கள்.

நண்டு என் வாழ்க்கைக்குள் வந்தது பல் செட் வழியாகத்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவருக்குக் கீழ்வரிசை கட்டியிருந்தேன். அவரைக் கடிக்கச் சொல்லிப் பார்த்துச் சரிசெய்ய நானே அங்கே போனேன். அவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். புதிதாகக் கடல் தண்ணீர் வருவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப்போட்ட மண் மேடாகக் கிடந்தது. சாம்பல் நிறக் களிமண், நடுநடுவே முஷ்டி அளவுக் கட்டிகள். நிற்கிற நேரத்தில் ஒரு கட்டியை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டினேன். இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் ஒரு நண்டின் முதுகு, மினுமினுவென்று, இப்போதுதான் மண்ணுக்குள் புகுந்து உட்கார்ந்தது போல. விரலால் தொட்டேன். கல்.

மண் வெட்டிக்கொண்டிருந்தவர் நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "அது நண்டுக்கல்லு சார். நாட்டு மருந்துக்காரங்க வந்து பொறுக்கிட்டுப் போவாவ. நீங்களும் வைத்தியரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பெறகு எதுக்கு?" என்றார். நான் இன்னொரு கட்டியை எடுத்துத் தட்டினேன். அதற்குப்பின் எத்தனையோ பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஆனால் பதில் வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. மற்றவர்கள் சிரிப்பதற்காகக் கேட்டார்கள்.

அன்றைக்கு ஒரு சாக்கு நிறையக் கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு கோவில்பட்டியில் பஸ் மாறினேன். கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"நண்டு."

"ஏறாதீரும். பஸ்ஸு பூரா நாறிப் போவும்."

"நாறாது. செத்து ரொம்ப நாளாச்சு."

"செத்தது இன்னும் நாறும்லா!"

அவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, என்னையும் பார்த்து, சாக்கை மேலே போடச் சொன்னார். கழுகுமலை தாண்டும் வரை டிரைவரிடம் மெதுவாக ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கல்லை உடைத்தால் நண்டு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உடைத்தால் வருவது உடைந்த நண்டு. முதுகு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். முழு நண்டு வேண்டுமானால் மண்ணைத்தான் நண்டிலிருந்து எடுக்கவேண்டும். கட்டியில் எந்தப் பக்கம் முதுகு, எந்தப் பக்கம் வயிறு என்று ஓரத்தில் தெரிகிற ஒரு கோட்டை வைத்து ஊகிக்கவேண்டும். பிறகு ஊசி. சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கிற வளைந்த ஊசிகள் என்னிடம் இருந்தன. காலால் மிதித்து ஓட்டுகிற டிரில் இருந்தது. பல்லுக்கு ஆகாது என்று ஒதுக்கிய தேய்ந்த முனைகள் நண்டுக்கு ஆயின. மண் நண்டின் ஓட்டைவிடக் கொஞ்சம் இளக்கம். அந்தக் 'கொஞ்சம்' கைக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை நான் உடைத்த கொடுக்குகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

ஓடு பொடியாக உதிர்ந்தால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பூசுவேன். முறிந்த காலை ஒட்டுவதற்குப் பல் செட் செய்கிற பிளாஸ்டிக் பவுடரைக் குழைத்து வைப்பேன். சாயங்காலம் கடையை அடைத்த பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க. பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் என் டிரில் சத்தம் யாருக்கும் கேட்காது. கொஞ்ச நாளில் வயிற்று மடிப்பைப் பார்த்தே இது ஆண், இது பெண் என்று சொல்ல வந்தது. குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். இதை நான் ஒருமுறை கடைக்கு வந்தவரிடம் சொன்னேன். அவர் அதை ஊர் முழுக்க எப்படிச் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

பல் மாதிரிகளை வைக்க வாங்கிய கண்ணாடி அலமாரியில் நண்டுகள் குடியேறின. வருகிறவர்கள் பல்வலியோடு அதையும் பார்த்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த ஒரு பெரியவர், கோயிலில் காணிக்கை போடுகிற வெள்ளிப் பாம்பு, வெள்ளித் தேள் மாதிரி இதுவும் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டார். பரவாயில்லை. அவர் கும்பிட்டாவது விட்டார். உள்ளூர்க்காரர்கள் புத்தி சொன்னார்கள். சும்மா கிடக்கிற நேரத்தில் ஏதாவது ஏஜென்சி எடும் என்றார் ஒருவர். நண்டு வீட்டுக்கு ஆகாது, நண்டு நடை பின்னோக்கிப் போகும் என்றார் இன்னொருவர். நண்டு பக்கவாட்டில் நடக்கும் என்பதைக்கூடப் பார்க்காமல் அறுபது வயது வரை வந்து சேர்ந்துவிட்ட மனிதர் அவர்.

இந்தப் புத்திமான்களுக்கெல்லாம் தலைவர் ஒரு தறி முதலாளி. கூடம் கூடமாகத் தறி ஓட்டினார். திருவிழாக் கமிட்டி என்றாலும் பள்ளிக்கூடக் கமிட்டி என்றாலும் நடுநாற்காலி அவருக்கு. அவருடைய மேல்வரிசைப் பல் செட் நான் கட்டியது. வெளியே மெட்ராஸில் கட்டியது என்று சொல்லிக்கொள்வார். அதற்காக நான் கோபப்பட்டதில்லை. அவருடைய சிரிப்பு மெட்ராஸ் சிரிப்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவர் அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டே கடை வாசலில் காரை நிறுத்தி, உள்ளே பார்த்து, "என்ன வே, இன்னைக்கு நண்டுக்குப் பல்லு கட்டியாச்சா?" என்று கேட்பார். காரில் இருக்கிறவர்கள் சிரிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் முன்சீட்டில் இருப்பார். அவர் என் மனைவியின் அண்ணன்.

என் மச்சான் நூல் புரோக்கர். தறிக்காரர்களுக்கு நூல் வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். அதற்கு நூலைப் பற்றித் தெரியவேண்டிய அவசியம் இல்லை, முதலாளிகளின் முகத்தைப் பற்றித் தெரிந்தால் போதும். இந்த முதலாளி சிரிப்பதற்கு ஒரு நொடி முந்திச் சிரிக்கக்கூடியவர் அவர். அவ்வளவு தேர்ச்சி. அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து நாலு வீதியையும் சுற்றினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

என் மனைவிக்கும் நண்டு பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். சட்டையெல்லாம் சாம்பல் மண், துவைத்தால் போகாது. கொல்லையில் சாக்குச் சாக்காகக் கல். "ஊருல உள்ளவன் கடலுக்குப் போனா மீனு வாங்கிட்டு வருதான். எங்க வீட்டுல சாக்குல கல்லு வருது" என்பாள். ஆனால் அவள் அதை என் முகத்துக்கு நேரே சொன்னாள், அடுத்த வீட்டில் போய்ச் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பிறகு அந்த ஒரு நண்டு கிடைத்தது. கட்டி பார்க்க மற்றவை போலத்தான் இருந்தது. முதுகை வெளியே எடுத்தபோது ஆண் நண்டு, இரண்டு கொடுக்கும் முழுசாக இருப்பது தெரிந்தது. இந்த வகை நண்டுக்குக் கண் ஒரு நீண்ட காம்பின் நுனியில் இருக்கும். உயிரோடு இருக்கும்போது சேற்றுக்குள்ளிருந்து காம்பை மட்டும் தூக்கிப் பார்க்கும், பயந்தால் முன்விளிம்பில் உள்ள பள்ளத்தில் மடக்கி வைத்துக்கொள்ளும். கல்லானவற்றில் அந்தப் பள்ளம் இருக்கும், காம்பு இருக்காது. நான் பார்த்தவற்றில் எதிலும் இல்லை. இதில் இருந்தது. ஊசி முனையில் மண்ணைச் சீவும்போது பள்ளத்துக்குள் ஈர்க்குச்சியைவிட மெல்லியதாக ஒன்று தட்டியது. கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அதைத் தொடவே இல்லை.

அந்த இரண்டு காம்பையும் வெளியே கொண்டுவரக் கார்த்திகையில் ஆரம்பித்துச் சித்திரை வரை ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒரு கடுகளவு மண். ரப்பர் காற்றுப் பந்தை அமுக்கி ஊதுவது, பார்ப்பது, அரக்கு வைப்பது, காய விடுவது. டிரில் உதவாது, அதன் அதிர்வுக்கே உடைந்துவிடும். முடிந்தபோது இரண்டு கண்ணையும் பள்ளத்தில் மடக்கி வைத்துக்கொண்டு, கொடுக்கை முன்னால் சேர்த்துக்கொண்டு, ஏதோ பெரிய ஆபத்து தன்னைக் கடந்து போகட்டும் என்று காத்திருப்பது போல அது உட்கார்ந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். "கண்ணை மூடிட்டு இருக்கு" என்றாள்.  அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்தாள்.

இந்தச் சமயத்தில்தான் தறி முதலாளிக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்து வெயிலுக்கும் தண்ணீருக்கும் அது அதிசயமான நோய் இல்லை. கடையில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் எப்போதாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டவர்கள்தான். ஆனால் முதலாளிக்கு வந்ததால் அது ஊர்ச் செய்தி ஆயிற்று. திருநெல்வேலியில் ஆபரேஷன் என்றார்கள். முதலாளிக்குக் கத்தி என்றால் பயம். ஒரு பல் பிடுங்குவதற்கே என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மூன்று குலதெய்வங்களைக் கூப்பிட்டவர். புளியங்குடியில் ஒரு வைத்தியர் இருந்தார். நண்டுக்கல்லை முள்ளங்கிச் சாறு விட்டு அரைத்துப் புடம் போட்டுப் பற்பமாக்கிக் கொடுத்தால் கல் கரையும் என்று அவர் சொன்னார். கடைச் சரக்கு துண்டும் துணுக்குமாக இருக்கிறது, முழு நண்டாகக் கிடைத்தால் உத்தமம் என்றும் சொன்னார்.

என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கொல்லையில் ஒரு சாக்கு நிறைய உடைந்த நண்டு கிடந்தது. முழு நண்டுகளும் கிடந்தன, சுமாராக இருந்ததால் தொடாமல் விட்டவை. ஆனால் என்னிடம் கேட்பதற்கு முதலாளிக்கு வாய் வரவில்லை. எந்தக் கல்லைப் பார்த்துக் காரிலிருந்து சிரித்தாரோ அதையே வந்து கேட்பது எப்படி? வேலையை முன்சீட்டிடம் ஒப்படைத்தார்.

நான் தென்காசிக்கு ஒருவருக்குப் பல் அளவெடுக்கப் போயிருந்த நாள். மச்சான் வீட்டுக்கு வந்திருக்கிறார். தலைவலி என்று சொல்லித் தங்கையிடம் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறார். அவள் மாவு அரைக்க மில்லுக்குப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே சுத்தமாக, இருப்பதிலேயே முழுசாக எது தெரிந்ததோ அதை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சாயங்கால ரயிலில் வந்து இறங்கிக் கடையைத் திறந்தேன். அலமாரியின் நடுத்தட்டில் பஞ்சு மட்டும் இருந்தது. பஞ்சில் பத்துக் கால்களின் தடம் இருந்தது.

முதலில் பூனை என்று நினைத்தேன். கீழே, மேஜைக்கடியில் எல்லாம் தேடினேன். மனைவியும் விளக்கை எடுத்துக்கொண்டு தேடினாள். தேடிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "அண்ணன் வந்திருந்தான்" என்றாள்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். புதுச் சட்டை. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"மாப்ள, ஒங்க நண்டுக்கு இன்னைக்கித்தான் ஒரு மரியாத கெடச்சிருக்கு. முதலாளி அப்படிச் சந்தோசப்பட்டுட்டாவ. எவ்வளவு வேணும்னாலும் கேக்கச் சொல்லுன்னாவ."

"கொல்லையில சாக்கு நெறையக் கெடக்கே மச்சான். அதுல ஒண்ணு எடுத்திருக்கலாம்லா."

"அதெல்லாம் மண்ணும் மசிருமால்லா இருந்துச்சு. பெரிய மனுசனுக்குக் குடுக்கும்போது நல்லதாப் பாத்துக் குடுக்க வேண்டாமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"அண்ணே, இவுக ஆறு மாசம் குனிஞ்ச தல நிமிராம உக்காந்து செஞ்ச சாமான். அத நீ துண்டுல சுத்திட்டுப் போயிருக்க."

"ஏட்டி, ஒரு கல்லு. கல்லுக்குப் போயி..."

"கல்லுன்னு தெரிஞ்சா நீ ஏன் நான் மில்லுக்குப் போற வரைக்கும் காத்துக்கிட்டுக் கெடந்த? கேட்டு எடுத்திருக்கலாம்லா? தலவலின்னு எங்கையால காப்பி வாங்கிக் குடிச்சிட்டு எங்க வீட்டுலயே களவாங்குத. போ. இனிமே இவுக இல்லாத நேரத்துல இந்தப் படி ஏறாத."

மச்சான் என்னைப் பார்த்தார், நான் சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்து. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். புளியங்குடி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

வைத்தியர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் இரும்பு உரலைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். வைத்தியர் நல்ல குண்டான மனிதர், எதிலும் அவசரம் இல்லாதவர்.

"அந்த நண்டா? நேத்து வந்த ஒடனே இடிச்சாச்சே. அருமையான சரக்கு. மண்ணே இல்ல, எனக்குச் சுத்தி பண்ணுத வேலை மிச்சம். கண்ணு ரெண்டும் இருந்துச்சு, பாத்தேன். அதத்தான் மொதல்ல இடிச்சேன்."

"அதுல அரக்குப் பூசியிருந்தது வைத்தியரே. கால்ல பிளாஸ்டிக் வச்சு ஒட்டியிருந்தேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதான் இடிக்கும்போது ஒரு வாசனை வந்துச்சு. நான் நல்ல சரக்கோட வாசனையாக்கும்னு நெனச்சேன். போகட்டும், புடத்துல எல்லாம் எரிஞ்சிரும்" என்றார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டே, "ஆனா பாதிதான் எங்கிட்ட இருக்கு. பாதியப் பொடியாவே வாங்கிட்டுப் போயிட்டாவ. புடம் போட நாளாகும்னேன், அதுவரைக்கும் மோருல கலக்கிக் குடிக்கட்டும்னு ஒங்க மச்சினருதான் சொன்னாரு" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். வரவில்லை. எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, ஊரின் நடுநாற்காலி என் அரக்கையும் பல் செட் பவுடரையும் மோரில் கலக்கிக் குடிப்பதை நினைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிரித்திருக்கிறேன் போல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கொஞ்ச நாளைக்கு முதலாளிக்கு வலி இல்லை. சிறுநீரகக் கல் அப்படித்தான், சில நாள் சும்மா இருக்கும். அதற்குள் நண்டு வேலை செய்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. நண்டு டாக்டர் என்று சிரித்தவர்கள் எல்லாம் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஒருவருக்குச் சிறுநீரகக் கல், சரி. இன்னொருவருக்கு மூட்டுவலி. ஒருவர் தன் மருமகளுக்குக் குழந்தை இல்லை என்று வந்தார். அவருக்கு முழு நண்டு வேண்டாம், பெண் நண்டாக இருந்தால் போதும். நான்தானே ஆண், பெண் பார்த்துச் சொல்கிறவன்! பல்வலிக்காரர்கள் பின்னால் நிற்க, நண்டு கேட்பவர்கள் முன்னால் நின்றார்கள். இது மருந்து இல்லை, இது நான் பார்த்துக்கொண்டிருப்பதற்காக வைத்திருப்பது என்று சொன்னேன். சேர்த்தபோது பைத்தியக்காரன் என்றவர்கள், கொடுக்காதபோது கல்நெஞ்சக்காரன் என்றார்கள். கடைசியில் கொல்லையில் கிடந்த சாக்கை இழுத்து வந்து வாசலில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு வைத்தியரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரே நாளில் காலியாகிவிட்டது. சாக்கையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

அலமாரிக்கு என் மனைவி ஒரு பூட்டு வாங்கி வந்தாள். நான் சொல்லவில்லை. சாவியை என்னிடம்கூடத் தரவில்லை. "ஒங்ககிட்ட யாராவது வந்து அழுதா குடுத்திருவீங்க" என்று தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலாளி என் கடைக்கு வந்தார். கார் இல்லை, முன்சீட்டு இல்லை. வாயைத் துண்டால் மூடியிருந்தார். வலி மறுபடி வந்து பல்லைக் கடித்ததில் மேல்வரிசை செட் இரண்டாக உடைந்துவிட்டது. பொக்கை வாயோடு பேசுவது கேட்க வேறு மனிதரைப் போல இருந்தது. இதைக் கட்டிய மெட்ராஸ்காரரிடமே கொண்டுபோகலாமே என்று கேட்க நாக்கு வரை வந்தது.  செட்டை வாங்கி மேஜையில் வைத்தேன்.

"ஒம்ம மச்சினரு குடுத்த நண்டு நல்லாத்தான் வேல செஞ்சுது வே. இப்ப எதுக்கு மறுபடி வலிக்குதுங்கதுதான் தெரியல. அதுல இன்னொண்ணு இருக்கா?"

"அதுல இன்னொண்ணு கெடையாது முதலாளி."

"இந்தா அலமாரி பூரா இருக்கே."

"எல்லாம் ஒண்ணு இல்ல."

அவர் அலமாரியைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிக்காமல் பார்த்தார். சிரிப்பதற்கான சாமான் என் மேஜைமேல் அல்லவா இருந்தது. பிறகு மெதுவாக, "ஏன்வே, அதக் குடிக்கும்போது தொண்டயில பசை மாதிரி ஒட்டுச்சே. அதுல என்ன போட்டிருந்தீரு?" என்று கேட்டார்.

அவருடைய உடைந்த செட்டை எடுத்து, இளஞ்சிவப்பு ஈறுப் பகுதியைக் காட்டினேன். "இந்தச் சாமான்தான். இதே டப்பா. அதுல வர்ணம் இல்லாதது, இதுல வர்ணம் உள்ளது. மேல கொஞ்சம் அரக்கு."

முதலாளி செட்டையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க ஊரையே கூப்பிட்டிருக்கலாம். நான் ஒருவன்தான் பார்த்தேன்.

"வெளிய சொல்லாதீரும்" என்றார்.

"நான் எதுக்குச் சொல்லப்போறேன். ஒடம்பு முக்கியம் முதலாளி. பயப்படாம ஆபரேஷன் பண்ணிக்கிடுங்க."

செட்டை ஒட்டிக் கொடுத்தேன். அவர் பெயரை இங்கேயும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. கல்லை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த முதலாளி அதை ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் போட்டு வீட்டுக் கூடத்து ஷோகேஸில், மகன் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். எவ்வளவு பெரிசு பாத்தீரா, இந்தப் பக்கம் முள்ளு முள்ளா இருக்கு பாத்தீரா என்பார். வந்தவர்கள் ஆகா என்றார்கள். ஊரில் ஒருவர்கூட, ஒருவர்கூட, அவர் புத்தியைப் பற்றிக் கவலைப்படவில்லை. என் மச்சான் அந்தக் குப்பியை ஏந்தி வந்து விருந்தாளிகள் கையில் கொடுக்கிற வேலையைப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு முன்சீட்டு நிலைத்துவிட்டது.

இதில் உச்சம் என்னவென்றால், குப்பிக்குள் கல் உருண்டு அழகாக இல்லையாம். பிளாஸ்டரில் ஒரு பீடம் செய்து, அதன்மேல் கல்லை நிறுத்தி, மேலே அரக்குப் பூசித் தரமுடியுமா என்று ஆள் விட்டுக் கேட்டார். எனக்குத்தான் இந்த வேலையெல்லாம் நன்றாகத் தெரியுமாம். கல்லை ஒரு தாம்பாளத்தில் வெல்வெட் துணி விரித்து அனுப்பியிருந்தார். மங்கிய மஞ்சளாக, சுண்டைக்காய் அளவில் இருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லித் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பினேன்.

மழை ஓய்ந்ததும் உப்பளத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டுகிறார்கள் என்று கணக்குப்பிள்ளை சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். "நானும் வாரேன்" என்றாள் மனைவி. தூத்துக்குடியில் மீன் வாங்கப் போகிறாளாம். அதற்கு உப்பளம் வரை வரவேண்டியதில்லை. நான் இன்னொரு சாக்கையும் எடுத்துக்கொண்டேன்.

வெயில் முகத்தில் அடித்தது. உப்பு வெளிச்சத்தில் கண் கூசியது. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டின்மேல் நின்று, இந்த வேகாத வெயிலில் மனுசன் வருவானா என்று என்னையும், வெயிலையும், தன் அண்ணனையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திட்டுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். குடையை மடக்கிக் கீழே போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டியை இன்னொரு கட்டியின்மேல் தட்டினாள். பிளந்தது. உள்ளே ஒரு சிப்பி.

"சீ, இது சிப்பி" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.